லைமன் வீட்டு ஆலங்கட்டி

என் வீட்டுக்காரர் ஓட்டிஸ் ப்ருவெட்டுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே கெட்ட பழக்கம் லைமன் கோச்தான். மிசோரியின் தெற்கே, இந்த ஓசார்க் மலைக்குள், எங்கள் ஓடை வரும் திசையில் இரண்டு மைல் மேலே தள்ளி இருக்கும் அந்த மனுஷனை நினைத்துப் பொருமாமல் இவருக்கு ஒரு பொழுது விடிந்ததில்லை.

இருவரும் ஒரே நாளில்தான் புயல் பார்க்கும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். தீயணைப்பு நிலையத்தில் காபியும் டோனட்டும் கொடுத்து, ஒரு சாயங்காலம் பாடம் நடத்தி, ஆளுக்கொரு அட்டை தந்து அனுப்பினார்கள். இந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் நடப்பது ராடாருக்குச் சரியாகத் தெரியாது. காற்று, ஆலங்கட்டி, ஓடைத் தண்ணீர் என்று எதைப் பார்த்தாலும் வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். அதை வைத்து அவர்கள் எச்சரிக்கை விடுவார்கள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் உள்ளூர் ரேடியோக்காரன் எச்சரிக்கையை வாசித்துவிட்டுத் தகவல் சொன்னவரின் பெயரையும் சேர்த்து வாசிப்பான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மழைக்காலம் வந்தால் லைமன் பெயர் வாராவாரம் வரும். ஓட்டிஸ் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆலங்கட்டியைக் காசு வைத்துத்தான் சொல்வார்கள். கால் டாலர் காசளவு இருந்தால்தான் அது கடும் இடிமழை. லைமன் வீட்டில் கால் டாலர் விழும். எங்கள் முற்றத்தில் விழுவதெல்லாம் ஐந்து சென்ட் காசுதான்.

"அவனுக்கு மட்டும் ஆண்டவன் பொறுக்கி எடுத்துப் போடுறான்" என்பார் இவர். ஒருமுறை கொஞ்சம் பெரிதாக ஒன்று கிடைத்ததும், நான் ஃப்ரீசரில் வைத்திருந்த பீச் பழப் பையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் அதைப் பத்திரப்படுத்தினார். பழம் அத்தனையும் பாழாய்ப் போனது. காசை வைத்து அளந்து பார்த்தால் ஒரு நூல் குறைந்தது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

போன வருஷம் கோல்ஃப் பந்து அளவில் விழுந்து லைமனின் சிவப்பு பிக்கப் வண்டி முழுக்க அம்மைத் தழும்பாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். லைமன் அதைத் தேவாலய வாசலில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஓட்டிஸ் எங்கள் வண்டியின் வழவழப்பான முன்மூடியைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இப்படி ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன்.

அந்த மே மாதச் சனிக்கிழமை எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். வடக்கே மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது. ரேடியோவில் இடிமழை எச்சரிக்கை வந்தது, கூடவே லைமன் பெயரும் வந்தது. ஓட்டிஸ் எழுந்து போய் ரேடியோவை அணைத்தார். அணைத்த கையோடு போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மறுமுனையில் லைமன்.

"நெட்டா, தண்ணி வருது. எங்க பாலம் முங்கிப்போச்சு. கீழ் வயல்ல மாடு நின்னா ஓட்டிடுங்க. இப்பவே."

இவரிடம் சொன்னேன். தான் முதலில் பார்த்ததைப் பீற்றிக்கொள்ளத்தான் போன் செய்திருக்கிறான் என்றார் இவர். பீற்றட்டும், நீங்கள் பூட்ஸை மாட்டுங்கள் என்று நான் வயலுக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தார். மாட்டைத் திட்டுகிறாரா லைமனைத் திட்டுகிறாரா என்று தெரியாதபடி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

கடைசி மாடு மேட்டு வேலி வாசலைத் தாண்டியதும் ஓடை வந்துவிட்டது. பழுப்புத் தண்ணீர், மரமும் வேருமாக இரைந்துகொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலியின் மூன்றாவது கம்பியைத் தொட்டது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். இவர் முகத்தைப் பார்த்தால் வாயெல்லாம் பல். நம் பக்கத்து வெள்ளத்தை லைமன் பார்க்க முடியாதில்லையா. மேட்டில் சிக்னல் கிடைக்கும். போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

அப்போதுதான் தண்ணீரில் லைமனின் அந்தச் சிவப்பு பிக்கப் வந்தது. பக்கவாட்டில் புரண்டு, முன்மூடித் தழும்பெல்லாம் வெயிலில் தெரிய, எங்கள் கண்ணெதிரே போனது. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

தன் பெயரையும் ஊரையும் நிறுத்தி நிதானமாக எப்படிச் சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியவர் ஓட்டிஸ். அன்றைக்குப் பெயரைச் சொல்லவே மறந்துபோனார். வானிலை அலுவலகத்தார்தான் கேட்டு வாங்கினார்கள். பிறகு லைமனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

வீட்டுக்குள் ஓடி ரேடியோவைப் போட்டேன். திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தது. ஓட்டிஸ் ப்ருவெட் தந்த தகவலின்படி ஓடையில் சிவப்பு வண்டி ஒன்று அடித்துச் செல்லப்படுகிறது, கரையோரத்தார் உடனே மேட்டுக்குப் போகவும் என்றான் ரேடியோக்காரன். இத்தனை வருஷம் காத்துக் கிடந்த பெயர். ஓட்டிஸ் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"நமக்குப் போன் பண்ணின நேரத்துல அவன் வண்டியை மேட்டுக்கு ஏத்தியிருக்கலாம்" என்றார்.

சாயங்காலம்தான் சேதி வந்தது. லைமன் வைக்கோல் கொட்டகையின் கூரையில் ஏறித் தப்பியிருக்கிறார். தீயணைப்புக்காரர்கள் படகில் போய் இறக்கினார்களாம். நாங்கள் தேவாலயக் கூடத்துக்கு ஓடினோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மடியில் ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப்போடு உட்கார்ந்திருந்தார். ஓட்டிஸ் எதிரே போய் நின்றார்.

லைமன் நிமிர்ந்து பார்த்தார். "தீயணைப்பு வண்டியில வரும்போது ரேடியோ கேட்டேன்யா. வண்டி என்னுது. கூரை மேல ஏறி உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்தது நான். பேரு மட்டும் உன்னுதா?"

சொல்லும்போதே அவர் முகம் சுண்டிவிட்டது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டில் மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம் அது.

ஓட்டிஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"அடுத்த தடவை போன் பண்ணினா உன் பேரைச் சொல்றேன்யா."

"சொல்ல மாட்டே."

ஓட்டிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"சொல்ல மாட்டேன்தான்" என்றார்.