மாவுப்பையில் இருந்த கடைத்தீனி

சிரில் பைத்வேயின் விரல்கள் ஒரே நாளில் மரத்துப் போய்விடவில்லை. இங்கிலாந்தின் டிப்டன் நகரத்து வார்ப்படப் பட்டறையொன்றில், இரும்பின் பிசிறுகளைத் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தைப் பிடித்தபடியே அவருடைய பாதி ஆயுள் கழிந்திருந்தது. முதலில் குளிர்காலத்தில் மட்டும் விரல்நுனிகள் வெளுத்தன. பிறகு கோடையிலும் வெளுத்தன. பட்டறை மூடப்பட்ட ஆண்டில், சட்டைப் பொத்தான்களை மனைவி பெரில்தான் போட்டுவிட வேண்டியதாயிற்று. அதிர்வினால் நரம்புகள் கெட்டுவிட்டன, இனி உணர்ச்சி திரும்பாது என்று மருத்துவர் சொன்னபோது, யார் வீட்டுச் செய்தியையோ கேட்பவர்போலத் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தார்.

ஒரே ஒரு வேலைக்குத்தான் அந்த விரல்கள் இன்றியமையாதவையாக இருந்தன. கால்வாயில் போட்டிக்குத் தூண்டில் போடுபவர்கள், முள்ளில் புழுவைக் கோத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. மீன்களை ஓரிடத்தில் கூட்டி நிறுத்துவதற்காக, ஈரத்தீனியை உருண்டை பிடித்து நீரில் எறிவார்கள். ஊர் மதுக்கடையான பப்புக்கென்று ஒரு தூண்டில் அணி இருந்தது; சிரிலின் தீனிக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. பழைய ரொட்டியை ஓவனில் காயவைத்து, அரைத்து, சலித்து, பஞ்சாபிக் கடையில் வாங்கிய கொத்தமல்லித்தூளைக் கலந்து, வெள்ளைத் துணியாலான மாவுப்பையில் கொண்டுவருவார். கரையில் சிறிது நீர் தெளிப்பார், ஊறவிடுவார், மறுபடியும் தெளிப்பார். கையிலெடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும். கட்டைவிரல் பட்டால் உதிர வேண்டும். ரொட்டிக்கு ரொட்டி ஈரம் மாறும் என்பதால் அதற்கு அளவு கிடையாது. விரல்தான் அளவு.

அந்தக் கைப்பக்குவத்தை வைத்து, கடைத்தீனி வாங்குபவர்களை அவர் கேலி செய்யாமல் விட்டதில்லை.

“என்னப்பா கெல்வின், கடைச் சரக்கா? மீனுக்கு இன்னைக்குப் பொறந்தநாளா?”

“நீ ரொட்டியக் காய வெச்சு, அரைச்சு, சலிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் மீனப் புடிச்சு, எடை போட்டு, வீட்டுல போயிக் குளிச்சிட்டும் வந்துருவேன்” என்பார் அதே அணியிலிருந்த கெல்வின்.

சென்ற இலையுதிர்காலத்தில் சிரிலின் உருண்டைகள் காற்றிலேயே உடையத் தொடங்கின. காற்று பலமாக இருந்தது என்றார். மறுவாரம் அவை கல்லைப்போல மூழ்கின. நீர் கலங்கலாக இருந்தது என்றார். அதற்கடுத்த வாரம், தம்மை அறிந்தவர் எவருமில்லாத வுல்வர்ஹாம்ப்டனுக்குப் போய் ஒரு பொட்டலம் கடைத்தீனி வாங்கினார். எவ்வளவு நீர் விட வேண்டும் என்று பொட்டலத்தின் முதுகிலேயே அச்சிட்டிருந்தது. அளவுக் குவளை இருந்தால் போதும்; விரல் வேண்டியதில்லை. தீனியை மாவுப்பையில் கொட்டிக்கொண்டு, பொட்டலத்தைக் கணப்பில் போட்டு எரித்தார். மீன்கள் எப்போதும்போல வந்தன. இதற்காகத் தமக்கு எந்த வருத்தமும் எழவில்லையே என்று மட்டும் அவருக்குச் சற்று வியப்பாக இருந்தது.

பெரில் ஓவன் கதவைத் திறந்து பார்த்தாள். “வெள்ளிக்கிழமைல இப்பல்லாம் ஓவன் சும்மாதானே கிடக்குது. கேக் போடட்டுமா?” என்றாள்.

“போடு” என்றார்.

பப்பின் அறுவர் அணியில் அவருக்கிருந்த இடம் அந்தத் தீனியால் வந்தது. அந்த இடமும் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க அவரிடம் வேறொன்றும் இல்லை.

கோப்பைக்கான கடைசிப் போட்டியன்று, அணித்தலைவர் ஹோவர்ட் ஒரு பெரிய தொட்டியை வண்டியிலிருந்து இறக்கினார். அது நிறைய ரொட்டித்தூள் இருந்தது.

“இன்னைக்கு நம்ம ஆறு பேருக்கும் ஒரே தீனி. கடைச் சரக்க எல்லாரும் வீட்டுலயே விட்டுட்டு வரச் சொல்லிட்டேன். மேவிஸ் ஒரு வாரமா ஓவன் முன்னாடியே நின்னிருக்கா. சிரில், நீ தண்ணி விட்டுப் பிசைஞ்சு குடு, அது போதும்.”

மேவிஸ், ஹோவர்டின் மனைவி. ரொட்டி நன்றாகக் காய்ந்திருந்தது, சலிப்பிலும் குறையில்லை. அது சிரிலின் கண்ணுக்குத் தெரிந்தது. கையை விட்டார். பனியில் விட்டதுபோலவும் இல்லை, வெந்நீரில் விட்டதுபோலவும் இல்லை. ஐந்து பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகத் தம் அளவுக் குவளையை எடுத்து, கடைப்பொட்டலம் சொன்ன கணக்குப்படியே நீரை ஊற்றிப் பிசைந்தார்.

“குவளை எதுக்குய்யா?” என்றார் கெல்வின்.

“ஆறு பேருக்குப் பிசையறேன். கண்ணளவு பத்தாது.”

பிசைந்தவுடன் தீனி பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடைத்தீனி ஓரளவு நீரைக் குடித்ததும் நிறுத்திக்கொள்ளும். ரொட்டியோ மேலும் மேலும் குடித்துக்கொண்டே இருக்கும். சீட்டெடுத்து, அவரவர் இடத்தில் அமர்ந்து, போட்டி தொடங்குவதற்குள் அறுவரின் வாளிகளிலும் தீனி மறுபடி உலர்ந்துவிட்டது. எறிந்த உருண்டைகள் நீரைத் தொட்டதும் கலைந்து மிதந்தன. சற்று நேரத்தில், படகுகளை இறக்கிவிடும் மேல்மதகின் வழியாக ஒரு படகு இறங்கியது. மதகு திறந்ததும் கால்வாயின் நீர் மெல்ல நகர்ந்தது. மிதந்த தூளும் நகர்ந்தது. அதன் பின்னாலேயே மீன்களும் எதிரணியினரின் பக்கம் போய்ச் சேர்ந்தன. சிரில் தம் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பிற்பகல்வரை அசையவே இல்லை.

எடை போட்டார்கள். கோப்பை அடுத்த ஊர்ப் பப்புக்குப் போயிற்று.

மாலையில், தோற்றவர்கள் தங்கள் பப்பில் பியரோடு அமர்ந்தார்கள். மேவிஸும் வந்திருந்தாள். ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. கெல்வின் தொடங்கினார்.

“மேவிஸ், ரொட்டிய என்னம்மா பண்ணுன? உமி மாதிரி மிதந்துச்சு. ஒருவேளை உன் வீட்டுச் சாப்பாடும் இப்படித்தானா?”

“அதத்தான் இருவது வருஷமா நான் சாப்புடறேன்” என்றார் ஹோவர்ட். எல்லோரும் சிரித்தார்கள்.

மேவிஸ் சிரிக்கவில்லை. “கொஞ்சமும் கருகாம, பொறுமையாத்தானே காய வெச்சேன்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

“அனுபவம் இல்லாதவங்க கை வெச்சா இப்படித்தான். அடுத்த வருஷம் ரொட்டியையும் சிரிலே பாத்துக்கட்டும். என்ன சிரில்?” என்றார் கெல்வின்.

அடுத்த வருஷம். அவருடைய இடம் அவருக்கே இருந்தது. வாயைத் திறக்காமலிருந்தால் போதும்.

“ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் சிரில். “என் கைதான் சரியில்ல. விரல்ல ஒண்ணும் தெரியறதில்ல. ரொம்ப நாளாவே.”

“என்னய்யா சொல்ற? போன மாசம் நீதானே அத்தன மீன் புடிச்ச?” என்றார் ஹோவர்ட்.

“அது கடைத்தீனி. மாவுப்பைல போட்டுக் கொண்டாந்தேன்.”

ஹோவர்ட் தம் பியர்க் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

“காலைல கரையில சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

“பசங்க ஒத்துக்க மாட்டாங்கப்பா. அடுத்த வருஷத்துக்கு நான் வேற ஆளப் பாக்கணும்.”

“பாரு” என்றார் சிரில். இது வலிக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். வலிக்கவில்லை. பப்பின் இரைச்சல் மறுபடி எழுந்து, பேச்சு வேறு பக்கம் போயிற்று.

மேவிஸ் மேசையைச் சுற்றிவந்து அவரருகில் அமர்ந்தாள். அவருடைய வலக்கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, ஆள்காட்டி விரலின் நுனியில் நகத்தை அழுத்தினாள்.

“தெரியுதா?”

“இல்ல.”

“இது?”

“அதுவும் இல்ல.”

“என் ரொட்டிக்குப் பழி வந்தப்ப உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கே” என்றாள். “ஒரு வாரம் அந்த ஓவன் முன்னாடி வெந்தேன் சிரில். உன்ன அவ்வளவு சுலபமா விட மாட்டேன்.”

“விடாத” என்றார்.

அவள் எழுந்து போகவில்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத் தற்செயலாகக் குனிந்தபோதுதான், தம் கை இன்னும் அவளுடைய கைக்குள் இருப்பதைச் சிரில் கண்டார்.