நீல வாரம்

எனக்கு மலைவாசஸ்தலம் பார்க்க ஆசை என்று யாராவது நினைத்திருந்தால் அது தப்பு. மலை எனக்குப் புதுசில்லை, கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே மலைதான். எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு யாராவது காபி கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். வருஷத்தில் ஒரு வாரம் போதும். தொண்ணூறுகளின் நடுவில் என் ஆசை மொத்தமும் அவ்வளவுதான்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் கம்மி. பிறகு என்ன ஆயிற்றோ, ஊர் ஊராக ஸ்பெஷல் பஸ் விட ஆரம்பித்தார்கள். சென்னை, வேலூர், ஆரணி, விழுப்புரம் என்று சொந்தக்காரர்கள் எங்கெங்கே இருந்தார்களோ அத்தனை பேரும் எங்கள் வாசலில்தான் செருப்பைக் கழற்றினார்கள். வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு வந்து கூடத்தில் வரிசையாகச் சாய்வார்கள். அவர்கள் காலுக்கு வெந்நீர், வாய்க்கு இட்லி, கிளம்பும்போது கட்டுச்சோறு. நல்ல மனிதர்கள்தான், வெறுங்கையோடு ஒருத்தரும் வந்ததில்லை. ஒருத்தர் வாழைத்தார், ஒருத்தர் வேர்க்கடலை, ஒருத்தர் மல்லிகைப் பந்து. கொண்டுவருகிற எல்லாவற்றையும் உரித்து, வேகவைத்து, பரிமாற நான் ஒருத்தி.

இது மாதாமாதம். கார்த்திகை தீபம் வந்தால் கேட்கவே வேண்டாம். முதல் நாளே வீடு நிரம்பிவிடும். பாதிப் பேர் அன்றைக்கு விரதம். மலை உச்சியில் தீபம் ஏற்றினதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாப்பிடுவார்கள், பார்த்த உடனே சாப்பிடுவார்கள். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் முழுக்க மொட்டை மாடியில் நிற்கும்போது நான் அடுப்படியில் நிற்பேன். என் வீட்டுக்காரரின் பெரிய மாமா இருந்தார். அவர் சட்டப்படி காபி விரதத்தில் சேராது. சரியாக அந்த நேரம் பார்த்து அவருக்குக் காபி வேண்டும். வெடிச் சத்தமும் அரோகரா சத்தமும் கேட்டதும் நான் உள்ளேயிருந்தே, "ஏத்திட்டாங்களா?" என்று கத்துவேன். "ஏத்திட்டாங்க" என்று மாடியிலிருந்து பதில் வரும். நான் இலை போடப் போய்விடுவேன்.

என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினார். சோப்பு தேய்ந்து சில்லானால் அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைக்கிற மனிதர். பொருட்காட்சியில் கொடுத்த பரிசுக் கூப்பனை அவர் நிரப்பிப் போட்டதுகூட, போடக் காசு கேட்கவில்லை என்பதால்தான். கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் வேலூரில் இன்ன ஹோட்டலுக்கு வந்து எங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெரிய பிளாஸ்க் வாங்கிக்கொண்டு போங்கள் என்று இருந்தது. கூடவே வழவழ காகிதத்தில் ஒரு படம். மலைச்சரிவில் ஓட்டு வீடு, முன்னால் புல்தரை. புல்தரையில் ஒரு நாற்காலி.

அந்தப் படத்தை நான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பார்க்கும்போதெல்லாம் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். அவர் அதைக் கவனித்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலூர் பஸ் ஏறினோம். ஹோட்டல் ஹாலில் ஏசி போட்டு, மேஜைக்கு ஒரு ஜோடியாக உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் மேஜைக்கு வந்தது ஒரு சின்ன வயசுப் பையன். கழுத்தில் டை, அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை.

"ஒரு வாட்டி கட்டினா போதும் சார். ஒவ்வொரு வருஷமும் ஒரு வாரம் அந்த வீடு உங்களுது. இதுக்குப் பேரு டைம்ஷேர். உங்க பசங்க காலத்துக்கும் வரும்."

"மீதி வாரம்லாம்?" என்றார் இவர்.

"அது மத்தவங்களுது சார்."

"கரண்ட் பில்லு?"

"வருஷா வருஷம் பராமரிப்புக்குனு கொஞ்சம் கட்டணும் சார்."

"அது ஏறுமா?"

"லைட்டா ஏறும் சார்."

அந்த 'லைட்டா'வை இவர் மனசுக்குள் எழுதிக் கீழே கோடு போட்டது எனக்குத் தெரிந்தது. நான் குறுக்கே புகுந்து என் கேள்வியைக் கேட்டேன். "சாப்பாடு எப்படிப்பா?"

பையன் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான் மேடம் இதுல விசேஷம். உள்ளயே கிச்சன். கேஸ், குக்கர், மிக்ஸி எல்லாம் வச்சிருக்கோம். நீங்க உங்க கையாலயே சமைச்சு சாப்பிடலாம். ஓட்டல்ல சாப்பிட்டா செலவு ஜாஸ்தி ஆகும் பாருங்க."

எனக்கு வயிறெரிந்தது. பஸ் மாறி பஸ் ஏறி, மலை ஏறி, அங்கேயும் போய் நான் குக்கர் வைக்க வேண்டுமாம், அதற்குப் பணமும் கட்ட வேண்டுமாம். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பையனிடம், "சமையல அங்க நான் பாத்துக்குவேன். வாரம் எப்படிக் குடுக்கறீங்கனு சொல்லுங்க" என்றார். இவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனாலும் அப்படிச் சொன்னாரே என்று இருந்தது.

வாரங்களுக்கு நிறம் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட லீவு விடுகிற மே மாதம் சிவப்பு. அதன் விலையைக் கேட்டதும் இவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். நடுவில் வெள்ளை, அதுவும் எட்டவில்லை. கடைசியில் நீலம். மழைக்காலமும், டிசம்பரில் பண்டிகைக் கூட்டம் வருவதற்கு முந்தின வாரங்களும் நீலம். நீலத்துக்குள் எந்த வாரம் வேண்டுமானாலும் வருஷத்துக்கு வருஷம் மாற்றி எடுக்கலாமாம்.

"நீலம்னா முடியும்" என்று இவர் யோசித்தார். "ஆனா பசங்களுக்கு லீவு வேணுமே. மழக்காலத்துல ஏது லீவு?" கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "தீபத்துக்கு எங்க ஊர்ல ஸ்கூல் லீவு விடுவாங்க. பந்தோபஸ்துக்கு வர்ற போலீஸ்காரங்கள அங்கதான் தங்க வைப்பாங்க. தீபம் எப்பவும் உங்க நீலத்துல தான் வரும்."

பையன் தலையாட்டினான். எங்களால் முடிகிற வாரம் அது ஒன்றுதான்.

"தீபத்தன்னிக்கா?" என்றேன் நான். "வீட்டுக்கு வர்றவங்க?"

"சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போலாம். அவங்களே வந்து பொங்கித் திங்கட்டும். நீ கெளம்பு" என்றார். சட்டையின் உள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வைத்திருந்த சீட்டுப் பணம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தார். சோப்புச் சில்லு ஒட்டுகிற கை அது.

பையன் பேனாவைத் திறந்தான். வியாபாரம் முடிந்த சந்தோஷத்தில் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தான்.

"நீங்கல்லாம் குடுத்து வச்சவங்க மேடம். எங்கம்மா வருஷா வருஷம் தீபத்துக்குப் போணும்னு சொல்லும். கூட்டத்துக்குப் பயந்துகிட்டு நான் கூட்டிட்டுப் போனதில்ல. உங்களுக்கு வீட்டு மாடியிலேருந்தே தெரியும் இல்ல? அந்த ஏத்தற நிமிஷம் எப்படி இருக்கும் மேடம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை வருஷமாக அந்த ஊரில் இருக்கிறேன், அந்த வீட்டில் இருக்கிறேன், அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாம்பார் எப்படிக் கொதிக்கும் என்று தெரியும், மாமாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். பையன் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான். இவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கவரை எடுத்து இவர் பையிலேயே திரும்ப வைத்தேன். "அந்த வாரம் வேணாம்பா. அந்த வாரம் நான் ஊர்ல இருக்கணும்" என்றேன்.

உடனே அவனுக்கு மேலே இருக்கிற ஒருத்தர் வந்தார். தவணை என்றார், தள்ளுபடி என்றார், ஒன்றும் நடக்காது என்று தெரிந்ததும் சேருகிறவர்களுக்கு மட்டும்தான் பிளாஸ்க் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவருக்கு எப்படித் தெரியும், பாவம். "லெட்டர்ல அப்படிப் போடலியே சார். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வரணும்னு போட்டிருந்தீங்க. வந்தோம். பிளாஸ்க்கக் குடுங்க" என்றேன். என் குரல் அடுத்தடுத்த மேஜைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பிளாஸ்க் வந்துவிட்டது. அதை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்த அந்தப் பையனிடம் தெருப் பெயரைச் சொல்லி, "தீபத்துக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வா, நம்ம வீட்லயே தங்கலாம்" என்றேன். கோபத்தோடு கோபமாக ஒரு விருந்தாளியைச் சேர்த்துக்கொண்டு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவன் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவன் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கும் அதைப் பார்க்கத் தோன்றியிருக்காது. இன்றைக்கும் தீபத்தன்று அவனை நினைத்துக்கொள்கிறேன். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் இவர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்ணமங்கலம் தாண்டினதும் கேட்டார்.

"நீ ஒரு வாட்டி கூட பாத்ததில்லையா?"

"எரியறதப் பாத்திருக்கேன். ஏத்தறதப் பாத்ததில்ல."

"நான் கூப்புட்டதே இல்லையா உன்ன?"

"கூப்புட்டீங்க. மாடியிலேருந்துகிட்டே கூப்புட்டீங்க."

போளூர் வரும்வரை அவர் மடியிலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தார். எனக்குச் சொல்லிவிட்டேனே என்று நிம்மதியாகவும் இருந்தது, சொல்லிக்காட்டி விட்டோமோ என்று கஷ்டமாகவும் இருந்தது.

அந்த வருஷம் தீபத்துக்கு முன்பாகவே மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழும்பிவிட்டது. முதல் நாள் வழக்கம்போல வீடு நிரம்பியது. சென்னையிலிருந்து என் நாத்தனார் பிள்ளைகளோடு வந்தாள். தீபத்தன்று சாயங்காலம் நான் பெரிய குண்டானில் சாம்பாருக்குப் புளி கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"அண்ணி, கையக் கழுவுங்க."

"என்னாத்துக்கு?"

"மாடிக்குப் போலாம். அண்ணன் சொல்லிச்சு."

"உங்கண்ணனுக்கு என்ன, சொல்லுவாரு. பருப்பு அடி புடிக்கும். வர்றவங்க காலையிலேருந்து பட்டினி."

அப்போது இவரே உள்ளே வந்தார். இடுப்பில் துண்டைக் கட்டியிருந்தார். மேடையில் புது பிளாஸ்க் நின்றது. நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் காபி போட்டு நிரப்பி வைத்திருக்கிறார், மாமா கேட்டால் ஊற்றிக் கொடுக்க. என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு என்னங்க தெரியும் இதப் பத்தி?"

"கிளறத் தெரியும். போ." தங்கையிடம் திரும்பி, "நீ அவ கூடயே நில்லு. இல்லனா எறங்கி வந்துடுவா" என்றார்.

மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். என்னை அதில் உட்கார வைத்து, டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள் நாத்தனார். காபி படுமோசம். டிகாஷன் தண்ணியாக இருந்தது, சர்க்கரை ஜாஸ்தி. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அப்படி ஒரு காபியை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. மலையில் ஏற்றும்வரை ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு போடுவதில்லை. அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாரும் மலையைப் பார்த்து நின்றார்கள், பேச்சு மெல்ல மெல்ல அடங்கியது. கீழே பருப்பு என்ன ஆயிற்றோ என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். நாத்தனார் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது உச்சியில் ஒரு பொட்டு தெரிந்தது. அவ்வளவு பெரிய மலைமேல் அவ்வளவு சின்னதாக. அது அணைந்துவிடுமோ என்று எனக்குப் பதறியது. பிறகு பார்த்துக்கொண்டே இருக்கும்போது தழைத்து நின்று எரிந்தது. ஊரே அரோகரா என்றது. நான் கை கூப்பவில்லை, எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், வேறு ஒன்றும் இல்லை. இவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பெரிய மாமா இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள், வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர் இல்லை. பிறந்ததிலிருந்து அந்த மாடியில் நின்று பார்த்தவர், அந்த வருஷம் இல்லை.

வெடிச் சத்தத்துக்கு நடுவில் கீழே அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏத்திட்டாங்களா?"

நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் நாத்தனார் என் கையை இடித்தாள்.

"ஏத்திட்டாங்க" என்றேன். "வாங்க, வந்து பாருங்க."

"நீ பாரு" என்றார் கீழேயிருந்து. "நல்லா பாத்துட்டு மெதுவா வா. நான் இலை போடறேன்."