அண்ணன் தொண்டையில் இருந்தது இடுமருந்து அல்ல

அண்ணனின் முதலாமாண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை கைகூப்பி எழுதுவது. அழுதுகொண்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆத்திரம்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் எழுமலைக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா காலமானதும் படிப்பை விட்டு டிராக்டர் ஓட்டி, என்னைப் படிக்கவைத்துப் பழங்காநத்தத்தில் கட்டிக்கொடுத்தார். பிள்ளை இல்லாததால் சித்தப்பா மகன் முத்தையாவைத் தோளில் போட்டு வளர்த்தார். மகா கோபக்காரர். வாயில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருப்பார். டீ கொதிக்கக் கொதிக்க வேண்டும், ஆறியிருந்தால் கிளாஸ் சுவரில் போய் உடையும்.

முத்தையா வீட்டுக் கிடா விருந்தில் ஒரு கறித்துண்டு அவர் நெஞ்சில் சிக்கியது. அதன்பிறகு சோறு சரியாக இறங்கவில்லை. உடனே ஊர்வாய் திறந்தது. "ரெண்டு பேருக்கும் வரப்புத் தகராறு இருக்குல்ல? பங்காளி சோத்துல மருந்து வச்சுட்டான்யா!" மேலூர்ப் பக்கம் இடுமருந்து எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அந்தப் பாவி அண்ணன் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு தலைமுடிச் சுருளைத் துப்பிக் காட்டி, "ரத்த சொந்தம் வச்சது" என்றான்.

அண்ணன் நேராக அரிவாளோடு முத்தையா வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எனக்கே மருந்து வச்சியாடா? வளத்ததுக்கு இதுவாடா கூலி?"

"அண்ணே, அதே சட்டியிலதானண்ணே நானும் தின்னேன்!"

கழுத்துக்கு வீசினார். முத்தையா இடது கையைத் தூக்கித் தடுத்தான். இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்து கிடந்தன. சட்டையைப் பிடித்து இழுத்த என்னையும் அண்ணன் கீழே தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது முத்தையா, "மாட்டுக்குச் சோளத்தட்டை அறுக்கையில பட்டுருச்சுய்யா" என்று சொல்லிவிட்டான்.

சோறு போய்க் கஞ்சியானது, கஞ்சியும் இறங்காமல் போனது. அப்புறம்தான் மதுரைக்குக் கூட்டிவந்தேன். குழாய் விட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோய். டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார்: "செல் பழுதானா, மேல பெருகவிடாம நிறுத்துறதுக்குன்னே உள்ள மரபணு இருக்கு. புகையிலையும் கொதிக்கிற சூடும் வருஷக்கணக்கா அந்தக் குழாயைப் புண்ணாக்கிப் புண்ணாக்கி, அந்த மரபணுவையே உடைச்சிருச்சும்மா. இப்ப நிறுத்த ஆளில்லாம பெருகுது."

"எங்க ரத்தத்துலயே இருக்கா டாக்டர்?"

"பொறக்கும்போதே வந்ததா தெரியலம்மா. அவரோட உணவுக்குழாய்க்குள்ள பின்னால நடந்த பழுது. இந்த அளவு வளர ரொம்ப நாளாகும்."

"ஒரு வேளைச் சாப்பாட்டுல வருமா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

யார் சொன்னது என்று இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும்.

அண்ணனிடம் சொன்னேன். தலையைக் கட்டில் கம்பியில் மடேர் மடேரென்று மோதினார். "என் கையை வெட்டுங்கடா!" கட்டுப்போட்ட கையோடு ஓடிவந்து அணைத்துப் பிடித்தவன் முத்தையாதான். "விடுண்ணே... எனக்கு இப்ப வலிக்கலண்ணே." அன்றைக்கு அந்த வார்டே அழுதது.

கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கட்டி மூச்சுக்குழாயைத் துளைத்துவிட்டது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் ரத்தமாக இருமினார். மூக்கில் போட்ட குழாயைப் பிய்த்தெறிவார், எட்டி உதைப்பார். அந்த உதையை வாங்கிக்கொண்டு கடைசிவரை அள்ளித் துடைத்தவனும் முத்தையாதான். ஒரு விடியற்காலையில் அவன் மடியிலேயே அண்ணனின் மூச்சு அடங்கியது.

கொள்ளிக்குடத்தைத் தோளில் பிடித்தது அந்த விரல் போன கைதான். அப்போது கூட்டத்தில் ஒரு குரல் சொன்னது: "வச்சவனே கொள்ளியும் வைக்கிறான் பாரு." என் காதில் விழுந்தது, அவன் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து அவன் வீட்டில் நம் சொந்தத்தில் ஒருத்தரும் கை நனைப்பதில்லை. அவன் மகள் காதுகுத்துக்குச் சமைத்த சோற்றை மாட்டுக்குக் கொட்டினார்கள்.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த அண்ணனின் நண்பர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புகையிலை போடுகிறவர்கள் இன்றோடு துப்பிவிடுங்கள். சோறு சிக்கினால் மந்திரக்காரனிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

இன்றைய நினைவுநாள் சாப்பாடு முத்தையா வீட்டில்தான் சமைத்திருக்கிறோம். முதல் பந்தியில் முதல் இலையில் நான் உட்காருகிறேன். அண்ணன் மேல் மரியாதை உள்ளவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். முத்தையா பரிமாறுவான்.