ஐஸ் அக்கா திரும்ப வாங்கிய எண்

எங்கள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஐஸ் அக்காவிடம் திட்டு வாங்காத ஒருவரைக் காட்டுங்கள், நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். நான் அங்கே பதிவேடு எழுதுகிறவள். அக்காவின் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. அது எதையும் தடுக்காது என்பதை வேலைக்குச் சேர்ந்த அன்றே தெரிந்துகொண்டேன்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆள் குள்ளம், குரல் நெட்டை. வீட்டில் சமையல் அவர் கணவர்தான். அவர் பஸ் மெக்கானிக். அக்கா ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, "உப்பு ரிப்பீட்" என்பாராம். மனுஷன் மறுபேச்சு பேசாமல் உப்புப் போடுவாராம். பத்தொன்பது வருஷ வேலையில் தான் சொன்ன ஒரு சோதனை எண்ணைக்கூடத் திரும்ப வாங்கியதில்லை என்பது அக்காவின் பெருமை. அந்தப் பெருமையை வாரத்துக்கு ஒரு முறையாவது எங்கள் காதில் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஐஸ் என்ற பட்டம் லாக்டேட்டால் வந்தது. கிருமித்தொற்று முற்றி ஐசியுவில் கிடப்பவர்களுக்கு அடிக்கடி பார்க்கும் ரத்தச் சோதனை அது. எண் இறங்கிக்கொண்டே வந்தால் ஆள் தேறுகிறார் என்று நம்பலாம். ஏறினால் டாக்டர்களின் முகம் மாறிவிடும். "இது ஜோசியமா அக்கா?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஜோசியக்காரன் கட்டத்தப் பார்ப்பான். நாம இதே மாதிரி படுத்த ஆயிரம் பேருக்கு என்ன ஆச்சுன்னு பார்த்துச் சொல்றோம். அதுவும் ரத்தம் ஐஸ்ல வந்தாத்தான். உடம்ப விட்டு வெளிய வந்துட்டா ரத்தம் செத்துப்போச்சுன்னு நெனச்சியா? டியூப்புக்குள்ள உக்காந்து சர்க்கரையத் தின்னுக்கிட்டு, லாக்டேட்டக் கக்கிக்கிட்டே இருக்கும். ஐஸ்ல வெச்சாத்தான் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கும்."

அந்த ஐஸைக் கொண்டு வருகிறவர் எக்ஸ்பிரஸ் அண்ணன். மூன்றாவது மாடி ஐசியுவிலிருந்து கீழ்த்தளத்துக்கு, நீலப் பெட்டியில் டியூப்போடு, படியில் இறங்கி ஓடி வருவார். லிஃப்டை நம்பமாட்டார். பதினோரு வருஷமாக அவர் ஜன்னலில் பெட்டியை வைத்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "ஐஸ் போட்டியா, இல்ல அங்க இங்க நின்னு கதையடிச்சிட்டு வர்றியா?" அவர் பதிலுக்கு, "நீங்களே வந்து எடுத்துக்குங்களேன் அக்கா" என்பார். இந்தச் சண்டை நடக்காத நாளில் எங்களுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட மனுஷனை ஒரு செருப்புக்கடி சாய்த்துவிட்டது. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. குதிகாலில் வந்த கொப்புளத்தைக் கவனிக்காமல் ஒரு வாரம் ஓடியிருக்கிறார். புதன்கிழமை காய்ச்சலில் உளறிக்கொண்டு, ரத்த அழுத்தம் தரையில் கிடக்க, தான் பெட்டி தூக்கிய அதே ஐசியுவில் நோயாளியாகப் படுத்தார். லாக்டேட் ஐந்து புள்ளி இரண்டு. மருந்து ஏற ஏற, மறுநாள் சாயங்காலம் மூன்று புள்ளி ஆறு.

அப்போதுதான் சர்ஜன் அவர் மனைவியைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். கால் முழங்காலுக்குக் கீழே மோசமாக இருக்கிறது. பார்த்தால் இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்ற நிலைமை. காலையில் எண் இன்னும் இறங்கியிருந்தால் காலை விட்டுவைத்து மருந்தைத் தொடரலாம். ஏறியிருந்தால் உயிருக்காகக் காலை எடுத்துவிட வேண்டும். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு எங்கள் ஜன்னலுக்கு வந்து, "எத்தனை மணிக்குத் தெரியும்?" என்று மட்டும் விசாரித்தார்.

அதுவரை ஐசியு நர்ஸ்களே டியூப்பை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை எக்ஸ்பிரஸ் அண்ணனின் ரத்தத்தை யார் கொண்டுவருவது? ஸ்டோர்க்காரரை அனுப்பினார்கள். ஸ்டோர்க்காரர் மிகவும் ஒழுங்கானவர், அதுதான் வினையாகிவிட்டது. ஐசியுவில் ஆறு மணிக்கு எடுத்த டியூப்பை வாங்கி வைத்துக்கொண்டு, நாலு வார்டும் சுற்றி, எல்லாவற்றையும் சேர்த்து எட்டரைக்கு ஒரே நடையாகக் கொண்டுவந்தார். நீலப் பெட்டியை ஜன்னலில் வைத்து, டியூப்களை வார்டு வாரியாக ஸ்டாண்டில் அழகாக நிறுத்திவிட்டுப் போனார்.

அக்கா ஜன்னலைப் பார்த்தார், நீலப் பெட்டி இருந்தது. அவருக்கு அது போதும். டியூப்பை எடுத்து மெஷினில் கொடுத்தார்.

நான்கு புள்ளி ஒன்பது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை. ஆபத்தான எண் வந்தால் உடனே போனில் சொல்ல வேண்டும், விதி அது. சொன்னார். "சரி, பதினோரு மணிக்கு எடுத்துடலாம்" என்றார் சர்ஜன். அக்கா போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டவில்லை.

பத்து மணி தாண்டி இன்னொரு மெஷினிலிருந்து அடுத்த முடிவு வந்தது. புரோகால்சிடோனின் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கிருமியின் ஆட்டம் அடங்குகிறதா என்று காட்டும் சோதனை. புதன்கிழமை முப்பத்தெட்டாக இருந்தது, இப்போது பதினேழு.

"ஒரே ஆளு, ஒரே ஊசியில எடுத்த ரத்தம்," என்று அக்கா முணுமுணுத்தார். "இது பாதியாக் கொறையுது, அது மட்டும் எப்படி ஏறும்?"

எழுந்து போய் நீலப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சொட்டு ஈரம் இல்லை. பஞ்சு இருந்தது. ஸ்டோருக்குப் போன் போட்டார். "உடைஞ்சிடக் கூடாதேன்னு பஞ்சுல சுத்திப் பத்திரமாக் கொண்டாந்தேன்மா. சூடு ஆறாம வந்திருக்குமே" என்று பெருமையாகச் சொன்னது எனக்கே கேட்டது. இரண்டரை மணி நேரம் அந்த ரத்தம் பஞ்சு மெத்தையில் உட்கார்ந்து சர்க்கரை தின்றிருக்கிறது.

மணி பத்து இருபது. அக்கா சர்ஜனைக் கூப்பிட்டார். "டாக்டர், நான் சொன்ன நம்பரை அடிச்சிடுங்க. அது தப்பு. தப்பு என்னோடது. இன்னொரு டியூப் ரத்தம் குடுங்க, நானே வந்து எடுத்துட்டு வர்றேன்."

"தியேட்டர் ரெடியா இருக்கும்மா."

"இருக்கட்டும். அரை மணி நேரத்துல சொல்றேன்."

பெட்டி நிறைய ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டு படியேறினார். மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நான் பின்னாலேயே ஓடினேன், என்னால் பிடிக்க முடியவில்லை. ஐசியு வாசல் பெஞ்சில் எக்ஸ்பிரஸ் அண்ணனின் மனைவி கையெழுத்துப் போட்ட காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன். போட்டது சரிதானே?"

அக்கா அவர் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு உள்ளே போனார். நர்ஸ் ரத்தம் எடுத்ததும் அக்கா டியூப்பை ஐஸில் புதைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். மெஷின் முன்னால் நாங்கள் இருவரும் மூச்சு வாங்க நின்றோம். எத்தனையோ எண்களைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், ஒரு எண்ணுக்காகக் கும்பிட்டது அன்றுதான்.

இரண்டு புள்ளி ஆறு.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் சர்ஜன்.

"ரெண்டு புள்ளி ஆறு. இதை நான் திரும்ப வாங்க மாட்டேன் டாக்டர்."

சர்ஜன் போய்க் காலைப் பார்த்தார், சாயங்காலம் வரை பொறுப்போம் என்றார். சாயங்காலம் ஒன்று புள்ளி ஒன்பது. கால் தப்பியது. இரண்டு விரல்கள் தப்பவில்லை.

அன்றே தவறுகள் எழுதும் பதிவேட்டை அக்கா கேட்டு வாங்கினார். "ஸ்டோர்க்காரர்னு எழுதட்டுமா?" என்றேன். "அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பெட்டியத் திறந்து பாக்காதவ நான்தானே" என்று தன் கையாலேயே தன் பெயரை எழுதினார். பிறகு ஸ்டோருக்குப் போய் அந்த மனுஷரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். அவர் குறிப்பெடுத்துக்கொண்டாராம்.

இரண்டரை மாதம் கழித்து எக்ஸ்பிரஸ் அண்ணன் வேலைக்குத் திரும்பினார். நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது. லிஃப்டில் இறங்கி வந்து நீலப் பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, வழக்கமான திட்டுக்காகக் காத்திருந்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை.

"என்னக்கா, தொண்டை சரியில்லையா?"

"உன் காலை எடுக்கச் சொன்ன நம்பர் நான் குடுத்ததுடா."

"ஸ்டோர்க்காரர் ஐஸ் போடலன்னுதானே சொன்னாங்க?"

"நான் பெட்டியத் திறந்து பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நான் எப்பவும் திறந்து பாக்கறதில்ல. பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. நீல டப்பா வந்துட்டா உள்ள ஐஸ் இருக்கும்னு நெனப்பு."

அவர் அக்காவையே பார்த்தார். "அப்புறம் ஏன் தினமும் 'ஐஸ் போட்டியா'ன்னு கேட்டீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா? 'அந்தம்மாவுக்கு என்மேல துளி நம்பிக்கை இல்ல'ன்னு வீட்டுல தினம் பொலம்பிக்கிட்டு இருந்தேனேக்கா!" சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் முகம் கோணிக்கொண்டது, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"அழுவாத. டியூப் சூடாகுது, குடு."