ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்த ரிவால்வர்

தேனி தனி மாவட்டமாகி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், அப்போதுதான் என் கணவர் ரிவால்வர் வாங்கி வந்தார். எங்கள் வீடு கம்பத்தில். ஏலத்தோட்டம் மலைக்கு மேலே, கேரளப் பக்கம். ஒருநாள் கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய் மூட்டைகளோடு ஜீப்பில் இறங்கி வந்தவரை நாலு பேர் மறித்து அடித்துப்போட்டு, மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகுதான் லைசென்ஸுக்கு மனுப் போட்டார். போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தார். கிடைத்ததும் மதுரைக்குப் போய் ஒரு .32 ரிவால்வரும் ஒரு பெட்டித் தோட்டாவும் வாங்கி வந்தார்.

எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்.

"இது இந்த வீட்டுக்குள்ள இருந்துச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன்.

அவர் சண்டை போடவில்லை. "ஒரு தடவ வந்து ஒக்காரு. பாத்துட்டு அப்பறம் போ" என்றார்.

அன்று ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மகள் பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தாள். தரையில் பழைய பேப்பரை விரித்து, ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்து ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். ஆறு துளைகளிலும் வெளிச்சம் தெரிந்தது.

"நீயும் எண்ணு. நான் காலின்னு சொன்னா நம்பக்கூடாது."

எண்ணினேன். அதற்குப் பிறகுதான் கம்பியை எடுத்தார். அதன் நுனியில் பித்தளை பிரஷைத் திருகி, குழலுக்குள் விட்டு இழுத்தார். பிறகு துணித் துண்டு, கருப்பு வராமல் வெள்ளையாகத் திரும்பும்வரை. கடைசியாக எண்ணெய். மதுரையில் வாங்கிய எண்ணெய் தீர்ந்துபோனால் என் தையல் மிஷின் எண்ணெயைத்தான் கேட்பார். தோல் உறைக்குள் வைத்தே பீரோவில் போட்டுவிடக்கூடாது, தோல் ஈரம் குடித்து இரும்பைத் தின்றுவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். கம்பத்தில் ஆனி, ஆடிச் சாரல் காலத்தில் சுவரே வேர்க்கும். அந்த மாதங்களில் வாராவாரம் துடைத்தோம். பிறகு அதுவே எல்லா மாதத்துக்கும் பழக்கமாகிவிட்டது.

நான் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. காரணம் துப்பாக்கியல்ல, அவர் பேச்சு. மற்ற நாளில் என் கணவர் வாயைத் திறக்கமாட்டார். தோட்டத்திலிருந்து வருவார், சாப்பிடுவார், தூங்குவார். கையில் அந்தக் கம்பியும் துணியும் இருந்தால் மட்டும், குனிந்த தலை நிமிராமல் பேசுவார். மெட்டு ரோட்டில் அடி வாங்கிய அன்று, அவர்கள் போன பிறகு ஜீப்புக்குள் உட்கார்ந்து அழுததை அப்படித்தான் சொன்னார். இன்னொரு ஞாயிறு, உறையின் பொத்தானைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"தோட்டத்துக்குப் போறப்ப இதுல தோட்டா போடுறதில்ல."

"பின்ன எதுக்கு இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியிறீக?"

"இருக்குன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும். ஒருத்தன சுட எனக்கு மனசு வராது. யார்ட்டயும் சொல்லிராத."

நான் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் விஷயம் அது என்று தோன்றியது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த ஞாயிறுகளில் அவர் பேப்பர் படித்துவிட்டுத் தூங்கிப்போவார். ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"அத எப்பத்தான் திருப்பித் தருவாக?"

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா வீட்டுக்குப் போறேன்னவ கேக்குற கேள்வியா இது?"

எட்டு வருடம் அப்படிப் போனது. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மறு வருடம், ஒரு காலையில் பல் விளக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்ததும் ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். லைசென்ஸ் அவரோடு போயிற்று, இனி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்றார்கள். வித்துவிடு என்றாள் மகள். நான் என் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டேன். தேனி ஆபீஸில் ஒரு அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

"உயிருக்கு ஆபத்து இருக்காம்மா?"

"இல்லீங்க."

"தோட்டத்துக்குப் போறீங்களா?"

"குத்தகைக்கு விட்டாச்சு."

"பின்ன எதுக்கும்மா?"

"வாராவாரம் தொடச்சுக்கிட்டிருந்தோம், நானும் அவுகளும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவைத்து, "அதுக்கெல்லாம் லைசென்ஸ் குடுக்க முடியாதும்மா" என்றார். விற்பதற்கு அனுமதி கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அனுமதி வர மாதக்கணக்கானது. நடுவில் சாரல் தொடங்கிவிட்டது. மனசு கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய், கணக்கு வழக்கைப் பார்க்கும் ரைட்டரிடம் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். வயதானவர், பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். உறையோடேயே வைத்திருந்தார்கள். குழல் வாயில் செம்புள்ளியாகத் துரு.

"ஐயா, நான் தொடச்சுத் தாரேன். நீங்க பக்கத்துலயே இருங்க."

"இங்கனயேவா?" என்று யோசித்தவர், மேஜையில் ஒரு பேப்பரை விரித்தார். வீட்டுக்குப் போய்க் கம்பியும் எண்ணெயும் கொண்டுவந்தேன். அவர் சிலிண்டரைத் திறந்து காட்ட, ஆறையும் எண்ணிவிட்டுத் தொடங்கினேன். எதிரில் உட்கார்ந்து, தன் மருமகன் கதை, முழங்கால் வலி என்று அவர் பேசிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர். ஆனாலும், அந்தப் பேச்சை நிறுத்தினால் தேவலை என்றிருந்தது. எனக்கு வேண்டிய குரல் அதுவல்ல. துணி வெள்ளையாகத் திரும்பிய பிறகும் நான் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "போதும் ஆத்தா" என்றார்.

அனுமதி வந்ததும் மதுரைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் குழலை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நல்லா வச்சிருக்காக. யாரு பாத்துக்கிட்டது?"

"ரெண்டு பேருந்தான்" என்றேன்.

திரும்பி வரும்போது ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி மலைகள் தெரிந்தன. கடைசி ஞாயிறு நினைவுக்கு வந்தது. அன்று அவர், பதினாறு வயதில் தகப்பனாரோடு சண்டை போட்டுக்கொண்டு குமுளிக்கு ஓடிப்போன கதையை ஆரம்பித்திருந்தார். ஒரு டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாராம். கடைக்காரருக்கு ஒரு மகளாம், மலையாளத்தில் எழுதப் படிக்க அவள்தான் சொல்லிக்கொடுத்தாளாம். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார். போன் வந்தது, ஆள் வந்தது, பொழுது போய்விட்டது. அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் என்ன ஆனாள், எத்தனை நாள் அங்கே இருந்தார், யார் போய்க் கூட்டிவந்தது, ஒன்றும் தெரியாது. கேட்கவேண்டும் போல இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும், மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், போய்க் கேட்கலாம் என்றே கால் எழுகிறது.