சிவப்புத் துணியும் மொட்டை டயரும்

அப்பா டிவி முன்னால் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். என்ன நிகழ்ச்சி என்பதெல்லாம் கணக்கில்லை. வாரம் முழுக்கத் தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றி, வெளியூர் மார்க்கெட்டுகளுக்கு லாரி ஓட்டிவிட்டு வருகிற மனிதர். உறையூரில் எங்கள் ஒற்றை அறைச் சுவரில் முதுகு சாய்ந்தால் போதும். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கிக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு சாயங்காலம் அவர் கார் பந்தயம் வைத்தால், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவேன். எனக்கு அப்போது ஏழு வயது.

அந்த ஞாயிறு, முதலில் போய்க்கொண்டிருந்த காரின் பின்டயர் நல்ல வேகத்தில் கிழிந்து பறந்தது. கார் சுவரில் இடித்துச் சுழன்று நின்றது. ஓட்டியவர் நல்லவேளையாகத் தானே இறங்கி நடந்தார். சற்று நேரத்தில் இன்னொரு காருக்கும் அதே கதி. உடனே சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். எல்லாக் கார்களும் வரிசையாக வந்து நின்றன. நின்ற இடத்திலேயே எல்லாவற்றுக்கும் புது டயர் மாட்டினார்கள்.

“பின்னாடி வந்தவனுக்கெல்லாம் ஓசியில புது டயரு! என்னா அநியாயம்!” என்று மாமா குதித்தார்.

சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார். “வெடிக்காத வண்டிக்குமா மாத்துறாங்க?”

“ஆமாங்க மச்சான். டயர் கம்பெனிக்காரங்களே அந்த டயருல ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டாங்களாம்.”

அதற்குமேல் அப்பா தூங்கவில்லை.

எங்கள் லாரியின் முன்டயர் மொட்டையாகி, உள்ளே இருக்கும் நூல் தெரிய ஆரம்பித்து நாளாகியிருந்தது. எங்கள் லாரி என்பது பேச்சுக்குத்தான். வண்டி புத்தூரில் இருந்த முதலாளியுடையது. அம்மா அப்பாவிடம் கேட்பாள், அப்பா முதலாளியிடம் கேட்பார், இன்னும் ஒரு நடை ஓடட்டும் என்பார் முதலாளி. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மறுநாள் காலை அப்பா வண்டியைக் கிளப்பினார். தார்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின்னால் கட்டுகிற சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு நான் எதிரே போய் நின்று ஆட்டினேன்.

“நிறுத்துப்பா! எல்லாருக்கும் புது டயரு!”

தெருவே சிரித்தது. அப்பா இன்ஜினை அணைத்தார். ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டார். டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“சகுனம் சரியில்லீங்க. கிளம்புறப்ப பொண்ணு வந்து வண்டிய மறிச்சிருச்சு.”

டயருக்கு அசையாத முதலாளி இதற்குப் பதறிப்போனார். இன்றைக்கு வண்டியைத் தொடவே தொடாதே என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காப்பாற்ற வந்த என்னை அபசகுனம் என்கிறாரே! அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. பாயை விரித்துப் படுத்தவர் சோறு தின்னக்கூட எழாமல் தூங்கினார். அம்மா அவரை எழுப்பவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

அடுத்த நாள் காலை முதலாளியே திருஷ்டிப் பூசணிக்காயோடு வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி உடைத்தார். சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்தார், மொட்டை டயருக்கும் சேர்த்து.

“பாப்பாவ உள்ள வச்சுக்கங்கம்மா,” என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியே பார்த்தேன். அப்பா இன்ஜினைப் போட்டார், ஆனால் வண்டியை எடுக்கவில்லை. எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி வண்டியைத் தட்டி ‘ரைட் ரைட்’ என்றதும்தான் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அந்த நடையில் டயர் வெடிக்கவில்லை. அந்தப் பெருமையும் பூசணிக்காய்க்கே போனது.

நான் மறுபடி வந்துவிடுவேனோ என்று பயந்துதான் அப்பா வாசலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வந்த ரோஷத்தில் ஜன்னலை விட்டும் நகர்ந்துகொண்டேன். நான் வரமாட்டேனா என்றுதான் அவர் பார்த்திருக்கிறார் என்பது ஏழு வயதுக்குப் புரியவில்லை.