கமிட்டி வந்த நாளில் நான் நின்ற இடம்

எண்ணூர் உப்பளத்தை ஒட்டி எங்கள் சேரி. கிணறு ஊருக்குள்ளே, சர்க்கார் பணத்தில் வெட்டினது. அதில் சேரிக்காரரும் தண்ணி மொள்ளலாம், யாரும் தடுக்கக் கூடாது என்று சட்டசபையில் பேசி முடிவாகி உத்தரவே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். கேள்விப்பட்டதோடு சரி. அதற்கப்புறமும் நாங்கள் பத்தடி தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு நிற்போம். ஊர்ப் பொம்பளை யாருக்காவது மனசு வந்தால் மொண்டு ஊற்றுவாள். வராவிட்டால் வெயில் ஏறுகிற வரைக்கும் நிற்போம்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம், முழுகாமல் மூன்று மாசம். ஒரு சாயங்காலம், என் வூட்டுக்காரர் வேலை பார்த்த உப்பளத்து மேஸ்திரி எங்கள் வாசலுக்கே வந்தார். வராத மனுஷர் வந்ததுமே நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் வூட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நாளைக்கு சட்டசபையிலேர்ந்து கமிட்டி வருது. உத்தரவு நடக்குதா இல்லியான்னு பாக்குறாங்களாம். ஒம் பொஞ்சாதி கொடத்தை எடுத்துகினு கெணத்தாண்ட வரட்டும். அவளே மொள்ளட்டும். தெனமும் மொள்றோம்னு சொல்லட்டும்."

"அவ எதுக்குங்க?"

"பின்ன நீ பொடவை கட்டிகினு வர்றியா? சேரியில பாக்குற மாதிரி கீறவ அவ ஒருத்திதான்." கொஞ்ச தூரம் போனவர் திரும்பிப் பார்த்தார். "வார்த்தை மாறிச்சின்னா நீ அளத்துப் பக்கமே வர வேணாம்."

அவர் போனதும் என் வூட்டுக்காரர், "ஒரு நாளாச்சும் நம்ம கையால மொண்டுக்கலாம்மே" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அளத்தை விட்டால் எங்களுக்கு வேறு கஞ்சி கிடையாது.

மறுநாள் கிணற்று மேடையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கமிட்டிக்காரர் நாலு பேர் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். ஒரு குமாஸ்தா மேஜை போட்டு உட்கார்ந்தார். ஊரே சுற்றி நின்றது. என் வூட்டுக்காரர் எல்லாருக்கும் பின்னால் நின்றார். மேஸ்திரி என்னைப் பார்த்துக் கண் காட்டினார்.

நடந்தேன். கிணற்றாண்ட வந்தேன், குடத்தைக் கீழே வைத்தேன், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் தள்ளி நின்றுவிட்டேன். பயத்தில் புத்தி எங்கேயோ போய்விட்டது. உடம்புக்குத் தெரிந்தது தினமும் நிற்கிற அந்த இடம்தான்.

எல்லாரும் என்னையே பார்ப்பது தெரிந்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு விளங்கிற்று. கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "மொள்ளு மே, மொள்ளு" என்று மேஸ்திரி பல்லைக் கடித்தார். கமிட்டியில் கண்ணாடி போட்ட ஒருவர் அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா அங்கே நிக்கிறே?"

"யாராச்சும் ஊத்துவாங்கன்னு, சாமி."

வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"நீயா மொண்டது உண்டா?"

அப்போதும் உண்டு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வூட்டுக்காரரைத் தேடினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் எதிரில் தள்ளி நின்று காட்டிவிட்டு, தினமும் மொள்ளுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அவமானமாக இருந்தது.

"இல்ல" என்றேன். சத்தம் வரவில்லை. குமாஸ்தாவுக்குக் கேட்க வேண்டும் என்று கண்ணாடிக்காரர் மறுபடி சொல்லச் சொன்னார்; சொன்னேன்.

குமாஸ்தா எழுதி முடித்து, கைநாட்டு வைக்க மையை நீட்டினார். நான் விரலை நீட்டவில்லை. முதலில் படித்துக் காட்டச் சொன்னேன்.

"படிச்சா உனக்கு விளங்குமா?"

"நான் சொன்னது எனக்கு விளங்காதா சாமி?"

வேண்டா வெறுப்பாகப் படித்தார். சில நாட்களில் தன் கையால் மொள்வதில்லை என்று எழுதியிருந்தது. சில நாள் என்று நான் சொல்லவில்லை, ஒரு நாளும் இல்லை என்றேன். கண்ணாடிக்காரர் அடித்து எழுதச் சொன்னார். அதற்கப்புறம்தான் விரலை வைத்தேன்.

"நீங்க போன பொறவு நாங்க இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"சட்டசபையிலே கேப்போம். மந்திரி பதில் சொல்லியாகணும்" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் மந்திரி கோட்டையில் இருந்தார், மேஸ்திரி எங்கள் எதிரில் நின்றார்.

மறுநாள் அளத்துக்குப் போன வூட்டுக்காரர் வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். அடிப்பாரோ என்று மூலையில் ஒண்டினேன். "கைநாட்டு வெச்சது வெச்சதுதான், வுடு" என்றார். ராயபுரத்துக்கு நடந்து போய்க் கப்பல் மூட்டை தூக்க ஆரம்பித்தார். வேலை இருக்கிற நாள்தான் சோறு.

எனக்கு வயிறு நன்றாகத் தள்ளிய பிறகு சர்க்கார் ஆட்கள் வந்து கிணற்றாண்ட பலகை அடித்தார்கள். தடுத்தால் கேசு என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். மூன்று நாள் கான்ஸ்டபிள் நின்றார். அந்த மூன்று நாளும் சேரியிலிருந்து ஒருத்தியும் போகவில்லை. நாலாம் நாள் கான்ஸ்டபிள் போய்விட்டார். சொன்னவள் நான், போக வேண்டியவளும் நான்தான் என்று குடத்தை எடுத்தேன்.

ஊர்ப் பொம்பளைகள் ஆறேழு பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் விலகினார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. முதுகில் கல் விழும், இதோ விழும் என்று எண்ணிக்கொண்டே கயிற்றை விட்டேன். இழுக்கத் தெரியவில்லை. வாளி சுவரில் இடித்துப் பாதித் தண்ணி சிந்தியது. அரைக் குடத்தோடு வந்துவிட்டேன்.

குடத்தை வாசலிலேயே இறக்கி வைத்தேன். சாயங்காலம் வூட்டுக்காரர் வந்ததும் குடத்தைத்தான் பார்த்தார்.

"அடிச்சாங்களா மே?"

"இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் போவணும்" என்றேன்.